ஏசி, வென்டிலேஷன் பிராஜெக்ட் மேனேஜர் வேலை: தடா, ஸ்ரீசிட்டி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்மிடிப்பூண்டியில் வீடு, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் தொழில்நகரமான ஸ்ரீசிட்டியில் வேலை. காலையில் சூலூர்பேட்டை லோக்கலில் ஏறினால் எளாவூர், ஆரம்பாக்கம், அடுத்தது தடா. ஆரம்பாக்கத்துக்கும் தடாவுக்கும் நடுவில் மாநிலம் மாறிவிடும். பெட்டிக்குள் பேச்சு மட்டும் மாறாது. முதலிலிருந்தே பாதி தமிழ், பாதி தெலுங்கு. அந்தப் பெட்டியிலும், கல்யாணப் பந்தியிலும், வாட்ஸப்பிலும் பதினைந்து வருஷமாக என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைக்கிறேன்.

ஏசி பிராஜெக்ட் மேனேஜர் என்றால் ஏசி ரிப்பேர் செய்பவரா?

என் மாமியார் வீட்டில் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார்கள். போனால் காபிக்கு முன்னால் ரிமோட் வரும்.

ஒரு தொழிற்சாலையோ ஆஸ்பத்திரியோ கட்டும்போது உள்ளே காற்று எங்கிருந்து வரவேண்டும், எவ்வளவு குளிர்ந்து வரவேண்டும், எந்த வழியாக வெளியே போகவேண்டும் என்று வரைந்து கொடுப்பவர் கன்சல்டன்ட். காற்று போகும் தகட்டுக் குழாயை, அதாவது டக்ட்டை, அடித்து மாட்டுபவர் ஃபிட்டர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் நிற்பவன் நான். பொருள், ஆள், பணம், தேதி, இடம் ஐந்தும் ஒரே நாளில் ஒரே தளத்தில் வந்து சேரவேண்டும். நான்கு வந்து ஒன்று வராவிட்டால் அன்றைக்கு பத்துப் பேருக்குச் சும்மா கூலி. முக்கால்வாசி நாள் வராமல் போவது ‘இடம்’தான். அதைப் பிறகு சொல்கிறேன்.

மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படித்தால்தான் வர முடியுமா?

இல்லை. நான் டிப்ளமோ. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஐ.டி.ஐ.-யில் ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் படித்துவிட்டு வந்தவர். தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷினான சில்லர் ஓடும் சத்தத்தை வைத்தே பேரிங் போகப் போகிறதா என்று சொல்வார். பி.இ. இருந்தால் மேலே ஏறும்போது நேர்காணலில் ஒரு கேள்வி குறையும், அவ்வளவுதான்.

முதல் ஆறு மாதம் என்னை டக்ட் ஏரியா எடுக்கத்தான் விட்டார்கள். டேப்பைப் பிடித்து, சுற்றளவை நீளத்தால் பெருக்கி, சதுர மீட்டர் போட்டு நோட்டில் எழுதுவது. அவமானமாக இருந்தது. ஆனால் ஒரு கட்டடத்தில் எந்த டக்ட் எங்கே போகிறது என்று கைக்குத் தெரிந்தது அப்போதுதான். டக்ட்டின் பெரிய பக்கம் 750 மில்லிமீட்டர் வரை 24 கேஜ் தகடு, 1500 வரை 22 கேஜ், 2250 வரை 20 என்று (கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிக்கும்) பெரும்பாலான டெண்டரில் ஐஎஸ் 655 என்ற இந்தியத் தரநிலையை ஒட்டி இருக்கும். அதைப் புத்தகத்தில் படித்தால் மறந்துவிடும். தகட்டு விளிம்பில் கையைக் கிழித்துக்கொண்டால் மறக்காது.

‘டன்’, ‘டன்’ என்கிறீர்களே, மெஷின் எடையா?

எடை இல்லை. ஐஸ் காலத்துக் கணக்கு. 2000 பவுண்டு, அதாவது சுமார் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ அதுதான் ஒரு டன். மணிக்கு 12,000 பிடியு வெப்பம், அல்லது 3.517 கிலோவாட். ஒரு டன்னுக்கு நிமிஷத்துக்கு 400 கன அடி காற்று என்பது சைட்டில் எல்லோர் வாயிலும் இருக்கிற கணக்கு. ஆபீசுக்கு ஓரளவு சரி. தூசியே இருக்கக்கூடாத கிளீன் ரூமுக்கும் சமையல்கூடத்துக்கும் அதை நம்பிப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கு ‘ஹீட்டிங்’ எதற்கு? டெண்டரில் ஹீட்டர் பார்த்தேன், தப்பாகப் போட்டுவிட்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு சிவில் இன்ஜினீயர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நியாயமான கேள்வி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இல் நம் வேலைக்கான பகுதியின் தலைப்பிலேயே ஏர் கண்டிஷனிங், ஹீட்டிங், மெக்கானிக்கல் வென்டிலேஷன் மூன்றும் உண்டு. காஷ்மீருக்கு ஹீட்டிங் புரிகிறது, தடாவுக்கு?

பதில் ஈரத்தில் இருக்கிறது. இந்தக் கரையில் வெயிலைவிடப் பெரிய எதிரி ஈரம். ஒருபக்கம் வங்காள விரிகுடா, நடுவில் பழவேற்காடு ஏரி. ராத்திரி எட்டு மணிக்கு மேலும் சட்டை முதுகில் ஒட்டும். மாத்திரை தயாரிக்கிற ஒரு ஹாலை 22 டிகிரியிலும் ஈரப்பதம் 50 சதவீதத்திலும் வைக்கவேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் காற்றின் பனிநிலை, அதாவது ஈரம் தண்ணீராக மாறத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 11 டிகிரி. வெளியே இருந்து வரும் ஈரக் காற்றை 18-க்குக் குளிர்வித்தால் போதாது. அது குளிரும், ஈரம் உள்ளேயே இருக்கும். 11-க்கும் கீழே கொண்டுபோனால்தான் தேவையான தண்ணீர், குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் சொட்டிப் போகும். ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி.

பிழிந்தாயிற்று. இப்போது காற்று வேண்டியதைவிடச் சில்லென்று இருக்கிறது. அப்படியே ஹாலுக்குள் விட்டால் ஆட்கள் ஸ்வெட்டர் கேட்பார்கள், ஹாலும் 22-க்குக் கீழே போய்விடும். ஆகவே அதை மறுபடியும் கொஞ்சம் சூடாக்கி உள்ளே அனுப்புகிறோம். இதுதான் ரீஹீட். சூடான தண்ணீர் காயிலோ, மின்சார ஹீட்டரோ. குளிர்விக்கவும் கரண்ட், அதைச் சூடாக்கவும் கரண்ட் என்று கிளையன்ட் பக்கத்து அக்கவுன்டன்ட் கத்துவார். கத்துவதில் நியாயம் உண்டு. சில்லர் வெளியே தள்ளுகிற வெப்பத்தைப் பிடித்து அதே தண்ணீரைச் சூடாக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று டிசைன் கட்டத்திலேயே கேளுங்கள். பைப் போட்ட பிறகு கேட்டால் யாரும் காதில் வாங்கமாட்டார்கள்.

அந்த சிவில் இன்ஜினீயரின் கம்பெனி செலவைக் குறைக்கிறேன் என்று ஹீட்டர் ஐட்டத்தை நீக்கச் சொல்லி மெயில் போட்டது. நாங்கள் எழுத்தில் மறுத்து, கன்சல்டன்டிடம் கையெழுத்து வாங்கி வைத்தோம். புரட்டாசியில் கமிஷனிங், அதாவது எல்லாவற்றையும் ஓட்டி அளந்து பார்ப்பது. அந்த ஹீட்டர் இல்லாமல் ஈரப்பதம் 68-க்குக் கீழே இறங்கவில்லை. ஆன் செய்த பிறகுதான் வழிக்கு வந்தது.

‘இடம்தான் வராது’ என்றீர்களே, அது என்ன?

ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இருக்கிற இருட்டு. இந்த வேலையின் உண்மையான சண்டை அங்கேதான்.

ஒரு கணக்கு போடுகிறேன். பீமின் அடிப்பகுதி தரையிலிருந்து 3600 மில்லிமீட்டர். ஆர்க்கிடெக்ட்டுக்கு சீலிங் 3000-இல் வேண்டும். எல்லோருக்கும் சேர்த்துக் கிடைப்பது 600. என் டக்ட்டின் உயரம் 400. மேலும் கீழும் ஃபிளேஞ்ச், இன்சுலேஷன் சேர்த்தால் 480. தாங்குகிற ஆங்கிள் 40 என்றால் 520. மீதி 80 மில்லிமீட்டரில் ஸ்பிரிங்க்ளர் பைப், கேபிள் டிரே, லைட்டின் மண்டை, சீலிங் கம்பி. கேபிள் டிரே மட்டுமே 100.

இதோடு முடியவில்லை. சீலிங்கில் பதிக்கும் கேசட் ஏசியிலிருந்து தண்ணீர் வடியும் டிரெயின் பைப்புக்குச் சரிவு வேண்டும். நூற்றுக்கு ஒன்று என்றாலும் 12 மீட்டர் ஓட்டத்துக்கு 120 மில்லிமீட்டர் கீழே இறங்கும். மற்ற பைப்பெல்லாம் வளைந்து நெளிந்து போகும். தண்ணீர் மட்டும் யார் சொன்னாலும் மேலே ஏறாது. ஆகவே என் ஒழுங்கு இது: முதலில் டிரெயின், பிறகு டக்ட், பிறகு ஸ்பிரிங்க்ளர், கடைசியில் கேபிள். கேபிள்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். வளைகிறவன்தான் வளைய வேண்டும்.

இதையெல்லாம் ஒரே படத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கும் கோஆர்டினேஷன் டிராயிங்கில் எல்லா கான்ட்ராக்டரும் கையெழுத்துப் போடாமல் டக்ட்டைத் தொங்கவிடும் ஒரு ஹேங்கர்கூட அடிக்காதீர்கள். ‘மொதல்ல அடிச்சவனுக்குத்தான் எடம்’ என்ற சட்டம் நிறைய சைட்டில் ஓடுகிறது. நானும் இளவயதில் அப்படி ராத்திரியோடு ராத்திரியாக முப்பது மீட்டர் டக்ட் ஏற்றியிருக்கிறேன். மறுநாள் ஸ்பிரிங்க்ளர்காரர் என் டக்ட்டுக்கு நடுவே ஓட்டை போட்டு பைப்பைக் கொண்டுபோயிருந்தார்.

சிவில் வேலை நடக்கும்போதே சுவரிலும் ஸ்லாபிலும் பைப் போக வழிவிடும் ஸ்லீவ் வைக்கச் சொல்லிவிடுங்கள். சென்ட்ரிங் ஆள் கம்பி கட்டும் அன்று நீங்கள் அங்கே நின்றால் ஒரு பைப் துண்டு செலவு. கான்கிரீட் போட்ட பிறகு போனால் அதைக் குடைகிற கோர் கட்டிங், ஸ்ட்ரக்சுரல் அனுமதி, ஒரு வாரம்.

பார்டரில் வேலை செய்வதில் தனியாக என்ன தலைவலி?

முதலாவது லாரி. டக்ட் அம்பத்தூரிலோ செங்குன்றம் பக்கமோ தயாராகும். சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் மாநில எல்லை கடக்க இ-வே பில் வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, வழியில் லாரி நின்றுபோய் வேறு வண்டிக்கு மாற்றினால் புது வண்டி எண்ணை அந்தப் பில்லில் ஏற்றவேண்டும் என்பது. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லுபடி என்பதும் கவனத்தில் இருக்கட்டும். நமக்குத் தூரம் கம்மி, அதனாலேயே மெத்தனம். ஒரு தடவை டிரைவர் தம்பி சரக்கை மாமாவின் வண்டிக்கு மாற்றிவிட்டு, “அண்ணா, சரக்கு அதேதானே” என்றான். அன்றைக்கு சாயங்காலம் வரை ரோட்டோரத்தில் நின்றோம்.

இன்னொன்று: முழு டக்ட்டை ஏற்றினால் லாரியில் காற்றைத்தான் ஏற்றுகிறீர்கள். ‘எல்’ வடிவத்தில் பாதிப் பாதியாக அடுக்கிக் கொண்டுவந்து சைட்டில் சேர்த்தால் லாரி நடைகளின் எண்ணிக்கை பாதியைவிடக் குறைந்துவிடும்.

இரண்டாவது பண்டிகை. தமிழ் ஆளும் தெலுங்கு ஆளும் போகியன்று சேர்ந்தே கிளம்புவார்கள். பொங்கலும் சங்கராந்தியும் ஒன்றுதானே. டக்ட் ஃபிட்டர்களில் பீகார், உத்தரப் பிரதேசத்து ஆட்கள் நிறைய. அவர்கள் தீபாவளிக்குப் போனால் சட் பூஜை முடியாமல் திரும்பமாட்டார்கள். அதற்குள் வடகிழக்குப் பருவமழை. ஆக அக்டோபர் முதல் ஜனவரி நடு வரைக்கும் பிளானில் எவ்வளவு நாள் எழுதினாலும் அதில் பாதியை எடுத்துவிடுங்கள். கிளையன்ட் மீட்டிங்கில் இதைச் சொன்னால் “எக்ஸ்க்யூஸ்” என்பார்கள். ஆகஸ்டிலேயே காலண்டரோடு போய் உட்காருங்கள்.

மழை நாளில் சைட்டில் என்ன பார்க்கவேண்டும்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். பாபட்லா பக்கம் கரை கடந்தது ஐந்தாம் தேதி. அதற்கு முன்பே சென்னையிலிருந்து சூலூர்பேட்டை வரை கொட்டித் தீர்த்துவிட்டது. எங்கள் ஸ்டோரில் கணுக்கால் தண்ணீர். நைட்ரைல் ரப்பர் இன்சுலேஷன் தப்பித்தது. அது மூடிய அறைகளாலான பொருள், தண்ணீரைக் குடிக்காது. பக்கத்தில் தரையிலேயே வைத்திருந்த கிளாஸ் வூல் ரோல் அத்தனையும் போயிற்று. நனைந்த கிளாஸ் வூலைக் காயவைத்துப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பலகைமேல் அடுக்காமல் விட்டது நான்தான்.

தரையில் கிடக்கும் டக்ட், பைப்பின் திறந்த வாயெல்லாம் பாலிதீன் போட்டுக் கட்டவேண்டும். அந்த வாரம் ஒரு சப்ளை டக்ட்டுக்குள்ளிருந்து ஏழு தவளை எடுத்தோம். எண்ணியது ஹெல்பர் பையன். எட்டு என்று இன்றைக்கும் சாதிக்கிறான்.

பழவேற்காட்டு உப்புக் காற்று மெஷினைத் தின்னுமா?

தின்னும். வெளியே நிற்கும் யூனிட்டின் அலுமினியத் தகடுகள் முதலில் வெள்ளை பூக்கும், பிறகு விரலால் தொட்டால் உதிரும். பூச்சு போட்ட காயில் கேளுங்கள். மொட்டை மாடி ஸ்டாண்டுக்கு வெறும் பெயின்ட் போதாது, ஹாட் டிப் கால்வனைஸ் செய்தது வேண்டும். வெல்டிங் செய்த இடத்தில் அந்தப் பூச்சு எரிந்துபோயிருக்கும், அங்கே மறுபடி ஜிங்க் அடிக்கவேண்டும். எல்லோரும் மறப்பது இதைத்தான்.

கமிஷனிங் என்றால் சுவிட்சைப் போடுவதுதானே?

சுவிட்சைப் போட்ட பிறகுதான் வேலையே. சில்லர் தண்ணீர் 7 டிகிரியில் போய் 12-இல் திரும்புகிறதா, சீலிங்கில் காற்று வரும் வாயான ஒவ்வொரு டிஃப்யூசரிலும் படத்தில் எழுதிய அளவு காற்று வருகிறதா, கிளீன் ரூம் என்றால் பக்கத்து அறையைவிட 10, 15 பாஸ்கல் அழுத்தம் கூடுதலாக நிற்கிறதா, நுண்ணிய தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டரில் ஓட்டை உண்டா, துகள் எண்ணிக்கை ஐஎஸ்ஓ 14644-இன் எந்த வகுப்புக்குள் வருகிறது, எல்லாம் அளந்து, எழுதி, மூன்று பேர் கையெழுத்து.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு பேக்கிங் ஹாலுக்கு 12,000 சி.எஃப்.எம்., அதாவது நிமிஷத்துக்கு 12,000 கன அடி காற்று, வரவேண்டிய ஏர் ஹேண்ட்லிங் யூனிட் (ஃபேனும் காயிலும் உள்ள பெட்டி). காற்றின் வேகத்தை அளக்கும் அனிமோமீட்டரை வைத்துப் பார்த்தால் 5,500-ஐத் தாண்டவில்லை. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தோம். டக்ட்டுக்குள் காற்றைத் தடுக்கும் டாம்பரையெல்லாம் திறந்தோம். டக்ட்டில் ஓட்டை தேடி ஊதுபத்தியோடு சாரத்தில் ஏறினோம். மூன்று நாள். மூன்றாம் நாள் சாயங்காலம் சூலூர்பேட்டைப் பெரியவர் ஒருவர், எங்களிடம் தினக்கூலிக்கு வந்த எலக்ட்ரீஷியன், கதவைத் திறந்து டார்ச் அடித்தார். ஃபேனை நிறுத்தச் சொன்னார். அது நிற்கப் போகும் கடைசி இரண்டு சுற்றைப் பார்த்துவிட்டு, உறைமேல் ஒட்டியிருந்த அம்புக்குறியைக் காட்டினார். ஃபேன் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

வீட்டு ஃபேன் தலைகீழாகச் சுற்றினால் காற்றே வராது, உடனே தெரியும். சென்ட்ரிஃபியூகல் ஃபேன் அப்படியில்லை. எந்தப் பக்கம் சுற்றினாலும் காற்று அதே வாசல் வழியாகத்தான் வரும், குறைவாக வரும். அதனால்தான் ஏமாந்தோம்.

மூன்று ஃபேசில் இரண்டை மாற்றினால் சரியாகிவிடும். என் ஆள் ஓடிப்போய் டிரைவுக்கு வரும் வயரில் இரண்டை மாற்றினான். ஆன் செய்தால் மறுபடியும் தலைகீழ். பெரியவர் சிரித்தார். “அக்கட காது பாபு, மோட்டார் சைடு!” வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ் நடுவில் இருந்தால், உள்ளே வரும் ஃபேஸை எப்படி மாற்றினாலும் அது தன் வரிசையில்தான் வெளியே அனுப்பும். டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் மாற்றவேண்டும். மாற்றினோம். 12,300.

தெலுங்கில் ‘அக்கட’ என்றால் ‘அங்கே’, ‘காது’ என்றால் ‘இல்லை’. என் ஆள் திருத்தணிக்காரனாக இருந்தும் ஒரு நொடி தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அந்த 12,300-ஐயும் விட்டுவைக்கவில்லை. டிரைவில் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து 12,000-க்குக் கொண்டுவந்தோம். ஃபேனின் மின்செலவு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகும். வேகம் 80 சதவீதமானால் மின்சாரம் சுமார் 51 சதவீதம். கிளையன்ட்டிடம் காட்ட இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

பணம் ஒழுங்காக வருமா?

பில்லை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. உதாரணமாகப் பொருள் வந்ததும் 70, மாட்டியதும் 20, கமிஷனிங் முடிந்ததும் 10 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும். கமிஷனிங்குக்கு நிரந்தர மின் இணைப்பு வேண்டும்; அதைத் தரவேண்டியது கிளையன்ட். ஒரு சைட்டில் எங்கள் வேலை முடிந்து பதினோரு மாதம் மின்சாரம் வரவில்லை. பத்து சதவீதம் அங்கேயே உட்கார்ந்திருந்தது. அந்தப் பத்தில்தான் எங்கள் லாபமே இருந்தது.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். வேலை முடிந்த நாளே, ‘இந்தத் தேதியிலிருந்து நாங்கள் தயார், மின்சாரத்துக்குக் காத்திருக்கிறோம்’ என்று ஒரு கடிதம். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை நினைவூட்டல். வாயால் சொன்னது எதுவும் மூன்று மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதேபோல் “அந்த ரூமுக்கும் ரெண்டு டிஃப்யூசர் போட்டுடுங்க சார்” என்று நடந்துகொண்டே சொல்வார்கள். போடுங்கள். ஆனால் அன்று சாயங்காலமே மெயில்: இன்று சொன்னபடி கூடுதல் வேலை, ரேட் இவ்வளவு. சீலிங் மூடுவதற்கு முன் ஜாயின்ட் மெஷர்மென்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூடிய பிறகு மேலே டக்ட் இருக்கிறது என்பதற்கே சாட்சி தேடவேண்டியிருக்கும்.

சம்பளம்?

நான் 2009-இல் சைட் இன்ஜினீயராகச் சேர்ந்தபோது மாதம் 7,500, ரூம் கம்பெனி கொடுத்தது. இப்போது எவ்வளவு என்று வெளியே சொன்னால் வீட்டில் கணக்கு கேட்பார்கள். வேலைக்குப் பேசும்போது மொத்தத் தொகையைப் பார்க்காதீர்கள். ரூம், சாப்பாடு, வண்டி, பி.எஃப்., ஞாயிறு வேலைக்கு மாற்று விடுப்பு, இவற்றைப் பிரித்துக் கேளுங்கள்.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா? என் மகள் கேட்கிறாள்.

வரட்டும். என் டீமில் கோஆர்டினேஷன் டிராயிங் முழுக்கப் பார்ப்பவர் நாயுடுப்பேட்டையிலிருந்து வருகிற ஒரு பெண். சாரம் ஏறுவதில் எங்களைவிட வேகம். ஒரே பிரச்சினை, கட்டுமான சைட்டில் சுத்தமான கழிப்பறை. சேரும் முன் அதை நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அதை ஒழுங்காக வைக்காத மேனேஜர் மற்ற எதையும் ஒழுங்காக வைத்திருக்கமாட்டான்.

ஆபத்தான வேலையா?

உயரத்தில் வேலை என்பதால் பெல்ட், சாரம் எல்லாம் எல்லா சைட்டிலும் சொல்வார்கள். எங்கள் தொழிலுக்கே உரியது ஒன்று: செம்புக் குழாயை அழுத்தச் சோதனை செய்ய நைட்ரஜன் மட்டுமே. நைட்ரஜன் தீர்ந்துவிட்டது, பிரேசிங் செட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறது, “அதுவும் கேஸ்தானே” என்று எவனாவது இணைத்தால் கம்ப்ரெசர் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். இதற்காகவே ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிற இடத்தில் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். நைட்ரஜனும் சாது இல்லை. காற்றோட்டமில்லாத சின்ன அறையில் கசிந்தால் மூச்சு முட்டுகிற உணர்வுகூட வராமல் ஆள் சாய்ந்துவிடுவான்.

பழைய கேஸ், புது கேஸ் என்கிறார்களே?

ஆர்-22 ஓசோனைக் கெடுப்பதால் மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி விடைபெறுகிறது. அதற்குப் பதில் வந்த ஆர்-410ஏ போன்றவை ஓசோனைத் தொடாது, ஆனால் பூமியைச் சூடாக்கும். அவற்றைக் குறைக்கிற கிகாலி திருத்தம் 2016-இல் வந்தது, இந்தியா 2021-இல் ஏற்றது. நமக்குக் குறைப்பு 2032-இல் தொடங்கும். இப்போது பரவலாக வரும் ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது. பழைய பழக்கத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டே கேஸ் ஏற்றும் ஆட்களை மாற்றுங்கள், அல்லது பழக்கத்தை மாற்றுங்கள்.

தெலுங்கு தெரியாமல் சமாளிக்க முடியுமா?

தடா, சூலூர்பேட்டை வரைக்கும் தமிழே போதும். ஆனால் கூலி ஆளிடம் நாலு வார்த்தை அவர் மொழியில் பேசினால் ஐந்தாவது வேலை தானாக நடக்கும். ‘சாலு’ என்றால் போதும். ‘ரேப்பு’ என்றால் நாளை. சைட்டில் எந்த மொழியில் நாளை என்றாலும் அது அடுத்த வாரம்தான். மேஸ்திரியை ‘காரு’ சேர்த்துக் கூப்பிடுங்கள், வயசில் சின்னவராக இருந்தாலும்.

வேலையை ஒப்படைத்த பிறகு நம் பொறுப்பு முடிந்ததா?

இல்லை, குறை சரிசெய்யும் காலம் வழக்கமாக ஒரு வருஷம். அதுவரை 5 அல்லது 10 சதவீதப் பணம் அவர்களிடம் இருக்கும். இந்தக் கரையில் அந்தப் போன் எப்போது வரும் என்று எனக்குத் தெரியும்: முதல் மழை நின்று புழுக்கம் ஏறும் காலை. “சார், நீள்ளு காருதுன்னாயி.” தண்ணீர் ஒழுகுகிறதாம்.

பைப் உடைந்துவிட்டது என்று பதறி வால்வை மூடாதீர்கள். பெரும்பாலும் அது ஒழுகல் இல்லை, வியர்வை. 30 டிகிரியும் 80 சதவீத ஈரமும் உள்ள காற்று 26 டிகிரிக்குக் கீழே இருக்கிற எதன்மேல் பட்டாலும் தண்ணீராகும். நம் பைப்புக்குள் ஓடுவது 7. இன்சுலேஷனில் ஒரு நகம் அளவு இடைவெளி போதும். ஏணியும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு நேராக ஹேங்கர் இருக்கிற இடத்துக்குப் போங்கள். கிளாம்ப் பைப்பை நேரடியாகத் தொடுகிறதா, நடுவில் குளிரைக் கடத்தாத பியுஎஃப் கட்டை இருக்கிறதா பாருங்கள். பிறகு வால்வின் கழுத்து. பிறகு இன்சுலேஷன் ஒட்டிய மூட்டு.

மூன்றும் சரியென்றால் ஏர் ஹேண்ட்லிங் யூனிட்டின் டிரெயின். ஃபேன் உள்ளே உறிஞ்சும்போது டிரேயில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதை மீறித் தண்ணீர் வெளியே போக ‘யு’ டிராப், அதாவது தண்ணீர் தேங்கி நிற்கும் ‘யு’ வடிவ வளைவு, போதுமான ஆழத்தில் இருக்கவேண்டும். இரண்டு மாதம் ஓடாமல் கிடந்த யூனிட்டில் அந்த டிராப் காய்ந்து போயிருக்கும். ஒரு பாட்டில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பத்து நிமிஷம் அங்கேயே நில்லுங்கள்.